நிரம்பாத டப்பா



2025ஆம் ஆண்டில் 'லபுபு' என்றொரு பொம்மையைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகள் பேசக் கேட்டிருப்போம். முயல் காதும், வரிசையான கூர்ப்பற்களும், சிரிக்கிறதா முறைக்கிறதா என்று சொல்ல முடியாத முகமும் கொண்ட சின்னப் பொம்மை அது. ஹாங்காங்கைச் சேர்ந்த ஓவியர் ஒருவர் 2015இல் தம் படக்கதைக்காக வரைந்த உருவத்தைச் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் பொம்மையாக்கி உலகமெங்கும் விற்றது. 2025 ஜூன் மாதம் பெய்ஜிங்கில் நடந்த ஏலம் ஒன்றில் ஆளுயர லபுபு ஒன்று பத்து லட்சம் யுவானுக்கு மேல், அதாவது நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல், விலை போனது. பெரும்பாலும் இந்தப் பொம்மை மூடிய பெட்டியில் விற்கப்படுகிறது. உள்ளே எந்த நிறம், எந்த உருவம் இருக்கிறது என்பது காசு கொடுத்துப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும். வேண்டியது வரவில்லையென்றால் இன்னொரு பெட்டி வாங்கவேண்டும்.

"இதுக்குப் போயா இவ்வளவு காசு?" என்று நம்மில் மூத்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வளர்ந்து, இன்று நாற்பது ஐம்பது வயதைத் தொட்டிருக்கும் நமக்கு இந்த மூடிய பெட்டி புதியதா என்ன? நாமும் சேர்த்தவர்கள்தாம். நம் வீட்டுப் பரணிலும் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அந்த டப்பா ஏன் கடைசிவரை நிரம்பவே இல்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பார்த்தால், இன்றைக்கு நம் வீட்டு வரவு செலவில் நடக்கும் சில காரியங்களும் விளங்கும் என்று நினைக்கிறோம்.

முதலில் நாம் சேர்த்தவை யாரும் நமக்கு விற்காத பொருள்கள். பெட்டிக்கடை வாசலில் விழுந்து கிடக்கும் சோடா மூடி. அதைக் கல்லால் தட்டித் தட்டையாக்கி, நடுவில் இரண்டு துளை போட்டு, நூல் கோத்து இழுத்தால் விர்ரென்று சுற்றும். துணிச்சல்காரப் பையன்கள் மூடியை ரயில் தண்டவாளத்தில் வைத்துத் தட்டையாக்குவார்கள். (வீட்டுக்குத் தெரிந்தால் முதுகுத்தோல் உரியும்.) அடுத்தது சிகரெட் அட்டை. பெரியவர்கள் புகைத்துவிட்டு எறிந்த பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து, வட்டத்துக்குள் அடுக்கி, தட்டையான கல்லை வீசி வெளியே தள்ளவேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் சார்மினார் அட்டைக்கு மதிப்புக் குறைவு, எப்போதாவது கிடைக்கும் வெளிநாட்டுப் பெட்டிக்கு மதிப்பு அதிகம். துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் கப்பல்காரர்கள் தயவால் இப்படிப்பட்ட அட்டைகள் சில கிடைத்தன. எந்த அட்டைக்கு எவ்வளவு என்பதைத் தெருப்பிள்ளைகளே கூடிப் பேசி முடிவுசெய்தார்கள். அடுத்த தெருவில் விலை வேறு.

தீப்பெட்டிப் படம் சேர்ப்பதும் அப்படித்தான். இதில் நம் பகுதிக்குத் தனி உரிமை உண்டு. 1920களில் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று இந்தியாவில் தொடங்கிய விம்கோ தீப்பெட்டிக் கம்பெனிக்குத் திருவொற்றியூரில் தொழிற்சாலை இருந்தது. அந்தப் பெயர்தான் விம்கோ நகர் என்று ரயில் நிலையத்துக்கு வந்தது, 2021 முதல் மெட்ரோ நிலையத்துக்கும் வந்திருக்கிறது. கப்பல் படம் போட்ட விம்கோ தீப்பெட்டி நம் வீடுகளில் சாதாரணம் என்பதால் அதன் படத்துக்குப் பிள்ளைகளிடம் மதிப்பில்லை. சிவகாசி, கோவில்பட்டிப் பெட்டிகளில் வரும் புலி, மயில், ரோஜா, இரயில் எஞ்சின் படங்களுக்குத்தான் போட்டி. அப்பா வேலைசெய்யும் கம்பெனியில் செய்வது நமக்குக் கிடைக்கும். கிடைக்காததுதான் நமக்கு வேண்டும்! பிள்ளை மனசு அப்போதே அப்படி இருந்திருக்கிறது.

பொம்மைக்கும் இந்த மண்ணுக்கும் இன்னொரு உறவும் உண்டு. 1946இல் திருவொற்றியூரில், இயந்திரம் எதுவும் இல்லாத ஒரு கொட்டகையில், கே.எம். மம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். பலூனோடு, அழுத்தினால் 'கீச் கீச்' என்று கத்தும் ரப்பர் பொம்மைகளும் அங்கே செய்யப்பட்டன. 1949இல் தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் திறந்தார்கள். 1952இல் டயர்களுக்கு மேல்பூச்சு ரப்பர், 1960களில் டயர் என்று வளர்ந்து, அதுவே எம்.ஆர்.எஃப். ஆனது. 1990களில் சச்சின் டெண்டுல்கரின் மட்டையில் அந்த மூன்று எழுத்துகள் ஏறியபோது, நாட்டின் எல்லாத் தெருக்களிலும் பிள்ளைகள் தங்கள் மரக்கட்டை மட்டையில் பேனாவால் எம்.ஆர்.எஃப். என்று எழுதிக்கொண்டார்கள். திருவொற்றியூர்ப் பிள்ளைகளும் எழுதினார்கள். அந்தக் கம்பெனி வாசலில் தினமும் ஷிப்ட் மாறும்போது சைக்கிளில் வெளியே வந்த அப்பாக்களின் பிள்ளைகளுக்கும், சச்சின் கையில் இருந்த பிறகுதான் அந்த எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன.

ஆக, சேர்ப்பதும் ஆசைப்படுவதும் எந்தக் கம்பெனியும் நமக்குக் கற்றுத்தரவில்லை. குழந்தைக்கு அது இயல்பு. கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்காத பிள்ளை உண்டா? உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் எடுத்து, தரம் பிரித்து, பெயர் வைத்து, அடுக்கி வைப்பது ஒருவகையில் ஆதாம் விலங்குகளுக்குப் பெயர் வைத்தது போன்றதுதான். அதைப் பாவம் என்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

மாற்றம் வந்தது, எறிந்த பொருளைச் சேர்த்த பிள்ளை, சேர்ப்பதற்காகவே பொருளை வாங்கத் தொடங்கியபோது.

1987இல் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ரிலையன்ஸ் உலகக் கோப்பை நடந்தது. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் இந்தியா தோற்ற ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாள்களில் பிக் ஃபன் பபிள்கம் உறைக்குள் கிரிக்கெட் வீரர் படங்கள் வந்தன. படத்தின் பின்னால் இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று அச்சாகியிருக்கும். அதைச் சேர்த்துக் கூட்டவேண்டும். 1990களில் மல்யுத்த வீரர்களின் 'ட்ரம்ப் கார்டு' வந்தது. உயரம், எடை, மார்பளவு, கைச்சதை, தரவரிசை என்று ஒவ்வொரு சீட்டிலும் எண்கள். கணக்குப் பாடத்தில் திணறிய பையனும் அண்டர்டேக்கரின் எடையை மனப்பாடமாகச் சொல்வான். 1999 உலகக் கோப்பைக்குப் பிரிட்டானியா பிஸ்கட் உறைகளில் ரன்கள் அச்சிடப்பட்டன. நூறு ரன் சேர்த்துக் கொடுத்தால் சுரண்டிப் பார்க்கும் கையேடு. அதிர்ஷ்டம் இருந்தால் இங்கிலாந்துக்குப் பயணம். 2000களின் தொடக்கத்தில் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் 'டாசோ' என்ற பிளாஸ்டிக் வட்டுகள் வந்தன. மெக்சிகோவில் 1994இல் ஒரு சிப்ஸ் கம்பெனி தொடங்கிய யோசனை அது. தொலைக்காட்சியில் போக்கிமான் வந்ததும், வட்டுகளிலும் போக்கிமான். பிள்ளைகள் பாக்கெட்டைப் பிரித்து, வட்டை எடுத்துக்கொண்டு, சிப்ஸைத் தம்பிக்குக் கொடுத்தார்கள், தம்பியும் சாப்பிட முடியாதபோது காக்கைக்கு எறிந்தார்கள். அம்மா ஐந்து ரூபாய் கொடுத்தது தின்பண்டத்துக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நாம் சொல்லவந்த கணக்குக்கு வருவோம். காகிதம் பென்சிலோடு உட்கார்ந்து பிள்ளைகளோடு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வரிசையில் 50 படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டில் ஒரு படம். கம்பெனி நேர்மையாக நடந்து, ஐம்பது படங்களையும் சம எண்ணிக்கையில் அச்சிட்டுக் கலந்திருக்கிறது என்றே கொள்வோம். முதல் 25 படங்கள் சேருவதற்குச் சராசரியாக 34 பாக்கெட் போதும். ஏறக்குறைய ஒவ்வொரு பாக்கெட்டிலும் புதுப்படம் வருகிறது. "இன்னும் பாதிதானே" என்று பிள்ளைக்கு உற்சாகம் பிறக்கிறது. ஆனால் மீதி 25 படங்கள் சேர இன்னும் 191 பாக்கெட் வேண்டும். ஏனென்றால் வரவர ஏற்கனவே இருக்கும் படமே திரும்பத் திரும்ப வருகிறது. கடைசி ஒரே ஒரு படத்துக்கு மட்டும் சராசரியாக 50 பாக்கெட் வாங்கவேண்டும். மொத்தம் 225. பாக்கெட் ஐந்து ரூபாய் என்றால் 1,125 ரூபாய். ஏதாவது ஒரு படத்தைக் கம்பெனி குறைவாக அச்சிட்டால் இந்தக் கணக்கும் நிற்காது. எவ்வளவு வாங்கினாலும் தீராது. இன்றைய மூடிய பெட்டிகளில் 'இரகசிய உருவம்' என்று ஒன்றை வேண்டுமென்றே அரிதாக வைத்து, அதை விளம்பரமும் செய்கிறார்கள்.

நம் டப்பா நிரம்பாததற்கு நம் கைராசி காரணம் அல்ல. பாதிவரை சுலபமாக ஏறி, முடிவு நெருங்க நெருங்க விலகிப்போகும்படிதான் அந்த ஏணி செய்யப்பட்டிருந்தது. பாதி ஏறியவன் இறங்கமாட்டான் என்பது ஏணி செய்தவருக்குத் தெரியும்.

நம் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றைச் சீரழித்த லாட்டரிச் சீட்டைத் தமிழக அரசு 2003 ஜனவரியில் தடை செய்தபோது நாம் மகிழ்ந்தோம். சம்பள நாளில் கடைமுன் நின்று சீட்டு வாங்கிய தகப்பன்மாரை நமக்குத் தெரியும். அதே கடையில், அதே ஆண்டில், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பாக்கெட்டை மகன் வாங்கிக்கொண்டிருந்தான். இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டோம். சிப்ஸ் பாக்கெட்டால் வீடு ஏலத்துக்கு வருவதில்லை. ஆனாலும் 'இந்த முறை வரும்' என்று இதயம் அடித்துக்கொள்வது இரண்டிலும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தைக் குழந்தை ஐந்து ரூபாயில் கற்றுக்கொண்டது.

கற்றுக்கொண்டதை நாம் மறக்கவும் இல்லை. 2019 தீபாவளிக்குக் கூகுள் பே செயலி ஐந்து முத்திரைகள் சேர்த்தால் 251 ரூபாய் என்று அறிவித்தது. விளக்கு, பூ, தொங்கட்டான், விளக்குக்கூடு ஆகியவற்றோடு ஐந்தாவதாக ரங்கோலி. அந்த ரங்கோலிதான் யாருக்கும் சுலபத்தில் கிடைக்கவில்லை. படித்து, வேலையில் இருந்து, பிள்ளை குட்டி பெற்ற மனிதர்கள் ஒருவருக்கொருவர் "உன்னிடம் ரங்கோலி இருக்கிறதா?" என்று செய்தி அனுப்பிக்கொண்டார்கள். டாசோ வட்டுக்காகப் பள்ளி வாசலில் நின்ற அதே பிள்ளைகள், இருபது வருடம் கழித்து, கையில் போனோடு நின்றார்கள்.

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் நம் வீடுகளைச் சுற்றிப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நிற்க இடமிருக்காது. புதுத்துணி எடுப்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அலமாரியில் போன வருடத்துத் துணி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அதே போனின் அடுத்த எண் வந்துவிட்டது. தவணை முடிகிற மாதத்தில் அடுத்த தவணைக்கான அழைப்பு வருகிறது. வாடகை வீடு காலி செய்யும்போதுதான் நாம் எவ்வளவு சேர்த்திருக்கிறோம் என்பது தெரிகிறது. சின்ன யானை வண்டி ஒன்று போதாமல் இரண்டாவது நடை போகிறது. அப்போது பரணிலிருந்து அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவும் இறங்கினால், திறந்து பார்க்கிறோம். ஓரம் மழுங்கிய சீட்டுகள், நிறம் போன வட்டுகள். கையில் எடுத்தால் ஒன்றும் தோன்றவில்லை. எந்தப் படத்துக்காக ஒரு மாதம் ஏங்கினோமோ அது எது என்றே தெரியவில்லை. நினைவுக்கு வருவது, திண்ணையில் வட்டமாக உட்கார்ந்திருந்த ஐந்தாறு முகங்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியாது.

ஏமாற்றம் என்று இதைச் சொல்லலாம். விவிலியத்தில் சபை உரையாளர் பேசும் வெறுமை இதுதான் என்று தோன்றுகிறது. பணத்தை நேசிக்கிறவனுக்குப் பணத்தால் நிறைவு வராது என்று அவர் சொல்வதை (ச.உ. 5) நாம் பலமுறை வாசகமாகக் கேட்டிருக்கிறோம். செல்வர்களுக்குச் சொன்னது என்று எண்ணி அசையாமல் உட்கார்ந்திருந்தோம். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அறிவற்ற செல்வனின் உவமையையும் (லூக் 12:16-21) அப்படித்தான் கேட்டோம். களஞ்சியம் நமக்கு எங்கே இருக்கிறது? பரண்தானே இருக்கிறது!

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நுகர்வு வெறியைப் பற்றிய மறையுரைகள் சில நேரங்களில் தவறான ஆளை அடிக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டில் முதன்முதலாக வந்த குளிர்சாதனப் பெட்டி ஆடம்பரம் அல்ல. மீன் விற்கும் தாய்க்கு அது ஒருநாள் வருமானத்தைக் காப்பாற்றுகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் எழுதிய 'நூறாம் ஆண்டு' சுற்றுமடலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறார் (எண் 36). நன்றாக வாழ ஆசைப்படுவது தவறல்ல என்கிறார். வாழ்வது எதற்கு என்பதை விட்டுவிட்டு, வைத்திருப்பதே வாழ்வு என்று ஆவதுதான் தவறு என்கிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் (எண் 204) இதையே வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறார். உள்ளம் எந்த அளவு வெறுமையாகிறதோ, அந்த அளவுக்கு வாங்குவதற்கும் வைத்துக்கொள்வதற்கும் பொருள் தேவைப்படுகிறது என்பது அவர் கருத்து. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று பிறர் வாங்கும் பொருளைச் செய்தே நம் பகுதி சோறு உண்டது. ஒருவரும் ஒன்றும் வாங்காத உலகம் நமக்குப் பசியான உலகம்தான். ஆகவே 'எதையும் வாங்காதே' என்பது நம் வாய்க்குப் பொருந்தாது.

நம் வாசல் வழியாகத்தான் இந்தப் பொருள்கள் வருகின்றன என்பதும் சிந்திக்கத்தக்கது. ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பொம்மை என்றால் கப்பல்காரர் பையில் வந்தது, அல்லது பர்மா பஜாரில் கிடைத்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையம் எதிரே தொடங்கிய கடைகள் அவை. பத்து நிமிடம் பேரம் பேசி, வாங்க முடியாமல் திரும்பினாலும் பார்த்த சந்தோஷம் ஒரு வாரம் நிற்கும். 2001 ஏப்ரல் 1 முதல் நுகர்வுப் பொருள்களின் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. சீனப் பொம்மைகள் கண்டெய்னர் கண்டெய்னராக இறங்கின. பாதுகாப்பு பற்றிய கேள்வி எழுந்து 2009 ஜனவரியில் ஆறு மாதத் தடை அறிவிக்கப்பட்டது, சில வாரங்களிலேயே தளர்த்தப்பட்டது. 2020இல் பொம்மைக்கான இறக்குமதி வரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனாலும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை எண்ணூர் விரைவுச் சாலையில் குறைந்தபாடில்லை. உள்ளே இருப்பது யாருடைய வீட்டுக்கோ போகிறது. புகையும், புழுதியும், இரவில் இருசக்கர வண்டியில் வரும் நம் பிள்ளைகளின் உயிர் ஆபத்தும் நம்மிடம் தங்குகின்றன.

போன பொருள் திரும்பியும் வருகிறது. கொடுங்கையூர்க் குப்பைமேடு 300 ஏக்கருக்கும் மேல் பரந்தது. வடசென்னையின் கழிவு பல பத்தாண்டுகளாக அங்கேதான் கொட்டப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது, கடைக்காரர் தரும் கேரி பேக் தடைக்குள் வந்தது, கம்பெனியில் அடைத்து வரும் உறைக்கு முதலில் விலக்குக் கிடைத்தது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அந்தச் சிப்ஸ் உறையை உருக்கி மறுபடி பயன்படுத்துவது கடினம் என்பதால் பழைய பொருள் வாங்குகிறவர் அதைத் தொடுவதில்லை. 2025 மே மாதம் கொச்சிக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது, பொம்மை முதல் குடம் வரை எல்லாப் பிளாஸ்டிக் பொருளுக்கும் மூலமான வெள்ளை மணிகள் மூட்டை மூட்டையாகக் கேரளக் கரையிலும், பிறகு கன்னியாகுமரி, தனுஷ்கோடி கரைகளிலும் ஒதுங்கின. மீனவர் குடும்பத்தில் பிறந்த நமக்கு அந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை.

சேர்ப்பதைப் பற்றி விவிலியத்தில் ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரம். பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோது இஸ்ரயேல் மக்கள் எல்லாரும் கூடையை எடுத்துக்கொண்டு சேகரிக்கத்தான் போனார்கள். சேர்க்காதே என்று கடவுள் சொல்லவில்லை, சேர்க்கச் சொன்னதே அவர்தாம். சிலர் மிகுதியாகவும் சிலர் குறைவாகவும் சேர்த்தார்கள். ஆனால் அளந்து பார்த்தபோது மிகுதியாகச் சேர்த்தவருக்கு மீதமில்லை, குறைவாகச் சேர்த்தவருக்குக் குறைவில்லை. ஒவ்வொருவருக்கும் அன்றைய தேவைக்குச் சரியாக இருந்தது. மறுநாளைக்கு என்று ஒளித்து வைத்ததில் புழு நெளிந்து நாற்றம் எடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்த்து வைத்தார்கள், அது கெடவில்லை. ஏனெனில் அது பயத்தால் பதுக்கியது அல்ல, எல்லாரும் சேர்ந்து ஓய்வெடுப்பதற்காக வைத்தது. சேர்த்து வைப்பது எப்போது உணவு, எப்போது புழு என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் நமக்குக் கிடைக்காது.

நம் இராயபுரம் பெயர்பெற்றதே இராயப்பரால்தான். அவர் வாழ்வில் மிகப்பெரிய மீன்பாடு கிடைத்த நாளை நினைத்துப் பாருங்கள் (லூக் 5:1-11). இரவெல்லாம் வெறும் வலை, காலையில் இரண்டு படகும் அமிழ்கிற அளவுக்கு மீன். ஒரு மீனவர் வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் நாள் அது. அந்த நாளில்தான் அவர் எல்லாவற்றையும் கரையில் விட்டுவிட்டுப் போனார். வலை காலியாய் இருந்தபோது விட்டிருந்தால் அதைச் சலிப்பு என்று சொல்லியிருப்போம். 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றவேண்டிய நேரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. தோன்றாமல் போனதற்குக் காரணம் அவர்முன் நின்றவர்.

பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது? பொம்மையைப் பிடுங்கி எறிவதால் ஒன்றும் ஆகாது; பிடுங்கிய பொம்மை மனதில் பெரிதாகும். மேலே போட்ட கணக்கையே இன்னும் ஒருபடி போட்டுக் காட்டலாம். இரண்டு நண்பர்கள் தனித்தனியே 50 படங்களைச் சேர்த்தால் இருவருக்கும் சேர்த்து 450 பாக்கெட் வேண்டும். தங்களிடம் இரண்டிரண்டாய் இருப்பதை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 325 போதும். நண்பர்கள் கூடக்கூடத் தலைக்கு ஆகும் செலவு குறைந்துகொண்டே போகும். அன்று திண்ணையில் நாம் செய்தது இதுதான். கம்பெனிக்குப் பிடிக்காத ஒரே காரியமும் இதுதான்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்த பிறகு அரைமணி நேரம், தங்களிடம் மிகுதியாய் இருக்கும் சீட்டு, வட்டு, பொம்மைக் கார், கதைப்புத்தகம் எதுவானாலும் பிள்ளைகள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளட்டும். செலவில்லை, ஒரு பெஞ்சு போதும். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு இதற்குப் பொருத்தமான நாள். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் வருகிற பிள்ளையைக் கவனித்துக்கொள்ள மட்டும் அன்பியத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் அருகில் இருக்கவேண்டும். அந்தப் பிள்ளை வெறுங்கையோடு வீடு போனால் அது மாற்றுச் சந்தை ஆகாது, இன்னொரு கடைதான் ஆகும்.

முழுமையான விளையாட்டுப் பொருள் ஒன்று நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. கேரம் பலகை. ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு ஸ்ட்ரைக்கர். இருபதாவது காயை யாரும் விற்க வருவதில்லை. 1991இலும் 1995இலும் உலக சாம்பியனாகி, 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். மாலை ஆறு மணிக்கு மேல் நம் சந்துகளில் நடந்தால் இன்றும் பலகையில் காய் மோதும் சத்தம் கேட்கும். நான்கு பேர் ஆட, எட்டுப் பேர் நின்று பார்ப்பார்கள். தோற்றவர் எழ, அடுத்தவர் உட்காருவார். காய் ஒன்று தொலைந்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பழைய செட்டிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்து ஆடுகிறார்கள்.